வீட்டுப் பொருள்களில் கைவேலை: எங்கள் திண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மதியம் கைவேலை சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள், லீவு விட்டால் பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை எழுதி வைத்தால் வர முடியாதவர்களுக்கும் உதவும் என்று உட்கார்ந்தேன். கை வராததால் கெட்டுப்போன வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. பசை சரியில்லாமலும் காயப்போடத் தெரியாமலும் கெட்டதுதான் அதிகம். அதனால் அந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

எதுவும் வாங்காதீர்கள். கடைக்குப் போனால் பளபளப்புத் தாள், பிளாஸ்டிக் பூ, பாசி என்று 300 ரூபாய் போய்விடும். வேலை தொடங்குவதற்குள் ஆர்வமும் பாதி போய்விடும். வீட்டில் இருக்கும் கத்தரிக்கோல், ஊசி நூல், ஒரு ஸ்கேல், பழைய பேப்பர் கட்டு, கிழிந்த சேலை ஒன்று போதும். பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, போன வருஷத்துக் காலண்டர், காலி மாத்திரை டப்பா என்று எல்லாம் கிடைக்கும். அந்தக் குவியலை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தால் மூன்று மாத வேலைக்குச் சரக்கு தயார்.

ஃபெவிகால் இல்லாமல் ஒட்டவே முடியாதா?

நன்றாகவே முடியும். அதுவும் சேலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நம் ஊரே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவு ஊர். ஜவ்வரிசி என்பது முதலில் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அந்த இறக்குமதி நின்றுபோனது. அப்போது மரவள்ளியிலிருந்து அதைச் செய்யும் தொழில் சேலம் பக்கம் வேரூன்றியது. இன்றும் ஆத்தூர் பக்கம் போனால் களம் முழுக்க வெள்ளையாக மாவு காய்வதைப் பார்க்கலாம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும், அட்டைப்பெட்டி ஒட்டவும் போகிற மாவு அதுதான். தறிக்கும் அட்டைக்கும் தாங்குகிற பசை நம் காகித வேலைக்குத் தாங்காதா?

செய்முறை இதுதான். இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். பால் போல வெள்ளையாக இருந்தது திடீரென்று கண்ணாடி மாதிரி தெளிந்து கெட்டியாகும். அதற்குப் பிறகும் இரண்டு நிமிஷம் கிளற வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வெள்ளை நிறம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே இறக்கினால் மாவு முழுசாக வேகாது, காய்ந்ததும் பொடியாக உதிரும். ஆறும்போது ஏடு படியாமலிருக்க அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

மாவு கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, குழைய வேகவிட்டு, துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். மைதாவிலும் செய்யலாம், ஆனால் காய்ந்தால் வெள்ளைத் திட்டுத் தெரியும். மரவள்ளிப் பசை காய்ந்தபின் கண்ணுக்கே தெரியாது. எனக்கு அதில்தான் பிரியம்.

இந்தப் பசை எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் மறுநாளே புளிக்கும். ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுவதே நல்லது, செலவும் ஒன்றுமில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி, காய்ந்த வேலையைப் பூச்சி அரிக்கிறதே என்பது. மாவுப் பசை என்றால் வெள்ளிப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்துதான். பழைய காலத்தில் புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். ஒரு டம்ளர் பசைக்குக் கால் ஸ்பூன் படிகாரப் பொடி போதும். கூடவே இரண்டு ஸ்பூன் வேப்பிலைக் கஷாயம் சேர்த்தால் பசை லேசாகப் பச்சை தட்டும். அதனால் பத்திரிகை அட்டை வேலைக்கு மட்டும் நான் சேர்ப்பதில்லை.

பழைய பேப்பரில் உருப்படியாக என்ன செய்யலாம்?

காகிதக் கூழ்க் கிண்ணம். எங்கள் பாட்டி மூங்கில் முறத்தில் ஓட்டை விழுந்தால் பேப்பரையும் வெந்தயத்தையும் அரைத்து மெழுகுவார். இடைவெளி எல்லாம் அடைபட்டு முறம் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓடும். பல வீடுகளில் இருந்த பழக்கம்தான், முறம் போனதோடு போய்விட்டது. அந்தக் கூழேதான் கிண்ணத்துக்கும்.

நாளிதழ்த் தாள் ஐந்தாறு எடுத்துச் சின்னச் சின்னதாகக் கிழியுங்கள். வெட்ட வேண்டாம், கிழித்தால்தான் நார் வெளியே தெரியும், நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு ராத்திரி முழுக்க ஊறட்டும். இரண்டு ஸ்பூன் வெந்தயத்தையும் தனியாக ஊறவைத்துக் காலையில் வழவழப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். ஊறிய பேப்பரை ஆட்டுக்கல்லிலோ, சமையலுக்கு எடுக்காத பழைய மிக்ஸி ஜாரிலோ மைய அரைத்து, தண்ணீரைப் பிழிந்து, வெந்தய விழுதும் ஒரு கை பசையும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். வெந்தயத்தின் வழவழப்பு கூழைச் சேர்த்துப் பிடிக்கும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார் பாட்டி.

ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, ஈரத் துணி போர்த்தி, அதன்மேல் கூழை அரை செ.மீ. கனத்துக்குத் தட்டுங்கள். ஓரத்தில் கனம் குறைந்தால் காயும்போது அங்கேதான் விரியும். ஸ்பூனின் முதுகால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இந்த வேலைக்கு ஒரு அரை மணி நேரம் கொடுத்தால் போதும், கிண்ணத்தின் அழகெல்லாம் அதில்தான் வரும். பாதி காய்ந்ததும் கிண்ணத்தை உருவிவிட்டு உள்பக்கம் காய விடுங்கள். முழுசாகக் காய்ந்த கிண்ணத்தைச் சுண்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வரும். மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

பூண்டு, சின்ன வெங்காயம், சாவி, நூல்கண்டு எல்லாம் போட்டு வைக்கலாம். எங்கள் வீட்டுப் பூண்டுக் கிண்ணத்துக்கு ஆறு வயசு ஆகிறது.

செய்தது வளைந்துபோகிறது, சில சமயம் பூசணம் பிடிக்கிறது. எங்கே தப்பு?

எங்கே உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சேலத்தில் சித்திரை வைகாசியில் மொட்டை மாடியில் காயப்போட்டால் வெளிப்பக்கம் ஒரு மணி நேரத்தில் முறுகிவிடும், உள்பக்கம் ஈரமாகவே நிற்கும். வெளியே சுருங்க, உள்ளே சுருங்காமல் நிற்க, பொருள் முறுக்கிக்கொள்ளும். முதல் நாள் நிழலில் மின்விசிறிக் காற்று, இரண்டாம் நாள் காலை வெயில், அப்புறம் முழு வெயில் என்று ஏற்றுங்கள். அட்டை வேலையாக இருந்தால் லேசாகக் காய்ந்ததும் மேலே அம்மிக்குழவி வைத்து அழுத்திவிடுங்கள்.

ஏற்காட்டில் சிக்கல் நேர்மாறானது. அங்கே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். எங்கள் சின்னம்மா மகள் மலையில் இருக்கிறாள். இங்கே மூன்று நாளில் காய்கிற கிண்ணம் அவளுக்குப் பத்து நாள் ஆனது, அதற்குள் அடிப்பக்கம் பச்சையாகப் பூசணம். இப்போது அவள் கூழை இன்னும் இறுக்கிப் பிழிந்து, மெல்லிசாகத் தட்டி, அடுப்படிப் பரணில் சூடு படும் இடத்தில் வைக்கிறாள். ஆடி, ஆவணியில் காகித வேலையே எடுப்பதில்லை. துணி வேலைக்கு மாறிவிடுகிறாள். மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

கிழிந்த சேலையில் மிதியடி செய்ய எத்தனை சேலை வேண்டும்?

ஒரு பருத்திச் சேலை போதும். கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் 5 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கிழித்தால் சுமார் 22 பட்டை வரும், மொத்தம் 120 மீட்டர். மூன்று பட்டை சேர்த்துச் சடை பின்னினால் 40 மீட்டர் வர வேண்டும், ஆனால் பின்னலில் நீளம் குறையும், கையில் 27, 28 மீட்டர்தான் நிற்கும். 60 செ.மீ. குறுக்களவு உள்ள வட்ட மிதியடிக்கு 14 முதல் 19 மீட்டர் பின்னல் போகும். அது உங்கள் பின்னல் எத்தனை தடிமன் என்பதைப் பொறுத்தது. மிச்சத்தில் சூடான பாத்திரம் வைக்கும் வட்டம் நாலு செய்யலாம்.

பட்டையை நீட்ட முடிச்சுப் போடாதீர்கள், காலில் உறுத்தும். பழைய பட்டை, புதுப் பட்டை இரண்டின் முனையிலும் சின்னத் துளை வெட்டி, பழையதன் முனையைப் புதியதன் துளையில் நுழைத்து, புதியதன் வாலைப் பழையதன் துளை வழியே இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பின்னலைத் தரையில் படுக்க வைத்துச் சுற்றிக்கொண்டே, பக்கத்துச் சுற்றோடு சேர்த்துக் கோணி ஊசியால் தையுங்கள். மடியில் வைத்துத் தைத்தால் கை தன்னால் இழுக்கும், மிதியடி கிண்ணமாகக் குழிந்துவிடும். குழிந்தால் அந்த இடம் வரை பிரித்து, அடுத்த சுற்றைத் தளர்வாக விட்டுத் தையுங்கள். எனக்கு முதல் மிதியடி மூன்று முறை குழிந்தது.

நைலக்ஸ், பாலியெஸ்டர் சேலை வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது, டைல்ஸ் தரையில் வழுக்கும். பருத்தியே ஆனாலும் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு நாலு வைத்துத் தைத்துவிடுங்கள். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

தையல் மெஷின் இல்லாமல் மஞ்சப்பை தைக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அதற்கு முன்னாடி இருந்தே நம் வீடுகளில் கல்யாணத் தாம்பூலப் பைதான் காய்கறிக்குப் போய் வந்தது. லுங்கி, பழைய திரைச்சீலை, ஜமக்காளத்தின் கெட்டித் துண்டு எல்லாமே ஆகும்.

பக்கவாட்டை ஓடு தையலில் முடிக்காதீர்கள், இரண்டு கிலோ தக்காளிக்கே விட்டுப்போகும். பின் தையல் போடுங்கள், அதாவது ஒரு தையல் முன்னே போய் அரைத் தையல் பின்னே வந்து குத்துவது. கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரம், அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி. செவ்வாய்பேட்டைக் கடைவீதியில் சாமான் தூக்கும் மூட்டைப் பைகளைக் கவனித்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் அந்தச் சதுரம் இருக்கும்.

எங்கள் தெருவில் தறி ஓடுகிறது. கழிவு நூலை என்ன செய்வது?

கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை என்று எங்கே போனாலும் பாவு மாற்றும்போது அறுத்த நூல் முனைகள் கிடக்கும். கை நீளத் துண்டுகள்தான், ஆனால் நிறம் அத்தனை நன்றாக இருக்கும். சிலர் மெஷின் துடைக்கக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது.

குஞ்சம் கட்டுவது எளிது. 7 செ.மீ. அட்டையில் நூலை 40 சுற்றுச் சுற்றி, மேல் முனையில் ஒரு நூலைக் கோர்த்து இறுக்கி முடிந்து, கீழ் முனையை வெட்டிவிட்டு, கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் ஒரு நிமிஷம் காட்டினால் நூல் நேராக நிற்கும். சேலை முந்தானை, சாவிக்கொத்து, வாசல் தோரணம் எல்லாவற்றுக்கும் ஆகும்.

பழைய பிளாஸ்டிக் வளையலில் நூல் சுற்றியும் போட்டுக்கொள்ளலாம். இதற்கு மட்டும் மாவுப் பசை வேண்டாம், வேர்வை பட்டால் இளகிவிடும். பத்து ரூபாய் ஃபெவிகால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நூல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு சொட்டு போதும்.

கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. வழி உண்டா?

பிள்ளையார் படம் இருக்கிறதே என்று யாரும் குப்பையில் போடுவதில்லை, பரணில் அடுக்கிவிடுகிறோம். அதிலிருந்து மொய்க் கவர் செய்யுங்கள். எழுத்து இல்லாத பக்கம் வெளியே வருமாறு மடித்து ஒட்டி, தங்க நிறச் சாமி படத்தை வெட்டி முன்பக்கம் பதித்து, ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினால் கடையில் விற்கிறதைவிட நேர்த்தியாக இருக்கும். எங்கள் சொந்தத்தில் நாலைந்து வீட்டுக்காரர்கள் இப்போது என்னிடம்தான் கேட்டு வாங்குகிறார்கள். கெட்டி அட்டையில் புத்தகக் குறியும், மொடமொடப்பான தாளில் சின்னப் பெட்டியும் செய்யலாம்.

காலண்டர் தாளில் மாலை கோர்க்கும் மணி செய்வது எப்படி?

மாதக் காலண்டரின் பளபளப்புத் தாளை 2 செ.மீ. அடி, 28 செ.மீ. நீளம் உள்ள ஒடுங்கிய முக்கோணங்களாக வெட்டுங்கள். அகலமான முனையிலிருந்து விளக்குமாற்று ஈர்க்குச்சியில் இறுக்கிச் சுற்றி, கடைசியில் பசை. நடுவில் புடைத்து ஓரத்தில் ஒடுங்கிய மணி கிடைக்கும். நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கை பூசினால் ஈரம் ஏறாது. தினசரிக் காலண்டர் தாள் மெல்லிசு, மணி தொளதொளவென்று இருக்கும்.

சமையலறைப் பொருளில் துணிக்குச் சாயம் ஏற்றினால் நிற்குமா?

சிலது நிற்கும், சிலது ஏமாற்றும். பீட்ரூட்டை எல்லோரும் முதலில் முயற்சி செய்கிறார்கள். பார்க்க அழகாக ஏறும், ஒரு சலவையில் போய்விடும். மஞ்சள் நன்றாகவே ஏறும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான், சோப்பிலும் காரம் இருக்கிறது. அதையே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகச் செய்து காட்டலாம். மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியில் சோப்புத் தண்ணீரால் கோலம் போடச் சொல்லுங்கள், கோலம் சிவப்பாக எழும்.

நம்பிச் செய்ய வேண்டியது வெங்காயச் சருகு. 100 கிராம் பருத்தித் துணிக்கு அதே எடை சருகு வேண்டும். வீட்டில் அத்தனை சேர நாளாகும், காய்கறிக் கடையில் கேட்டால் பை நிறையச் சும்மாவே கொடுப்பார்கள். துணியை முதலில் நன்றாக அலசிக் கஞ்சியைப் போக்குங்கள், கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். 20 கிராம் கடுக்காய்ப் பொடி கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிழிந்து காயவையுங்கள். பிறகு 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம். சருகை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் துணியைப் போட்டு இன்னொரு முக்கால் மணி நேரம் மெல்லிய சூட்டில் கிளறுங்கள். பொன்னிறத்திலிருந்து தேங்காய் நார் நிறம் வரை ஏதாவது ஒன்று வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். எனக்கு அது பிடிக்கும்.

கறுப்பு வேண்டுமென்றால் துருப்பிடித்த ஆணி ஒரு கைப்பிடி, வெல்லம் ஒரு துண்டு, தண்ணீர். மண்பானையில் போட்டுத் துணியால் வாய் கட்டி மூன்று வாரம் விடுங்கள். கலம்காரித் துணி ஓவியத்தின் கறுப்பு இந்த முறையில்தான் வருகிறது. கடுக்காயில் ஊறிய துணிமேல் இந்தத் தண்ணீர் பட்டதும் கண்முன்னே கறுக்கும். பாட்டிலில் அடைத்து மூடாதீர்கள், புளிக்கும்போது காற்று சேர்ந்து வெடித்துவிடும்.

சாயம் காய்ச்சிய பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

கொட்டாங்குச்சியை வழவழப்பாக்குவது எப்படி?

ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து நாரைக் கத்தியால் சுரண்டுங்கள். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு மெல்லிய உப்புத்தாள், கடைசியில் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஒரு ராத்திரி விட்டுத் துணியால் துடைத்தால் கருங்காலி மாதிரி பளபளக்கும். தேய்க்கும்போது எழும் தூள் மூக்கில் போகாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். சின்னச் செடித்தொட்டி செய்வதானால் மூன்று கண் உள்ள பாதியை எடுத்து, மெத்தென்ற கண்ணைக் குத்திவிடுங்கள், தண்ணீர் வடிய வழியாகும். ஓட்டையில்லாத கொட்டாங்குச்சியை மட்டும் வெளியில் போட்டு வைக்காதீர்கள். ஒரு மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும்.

ஏற்காட்டிலிருந்து கைவேலைக்கு எதைக் கொண்டு வரலாம்?

உதிர்ந்த இலைதான். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு சில்வர் ஓக் வளர்ப்பார்கள். அதன் இலை சீப்பு வெட்டியது போல இருக்கும், அடிப்பக்கம் வெள்ளி நிறம். நாளிதழுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகத்தை ஏற்றி, முதல் மூன்று நாள் தாளை மாற்றிவிட்டால் பத்து நாளில் தட்டையாகிவிடும். அட்டையில் ஒட்டி வாழ்த்து அட்டை செய்தால் வெள்ளிப் பக்கம் அப்படியே நிற்கும். காப்பி டிகாக்‌ஷன் இறக்கிய சக்கையை மறுபடி கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை அட்டையில் பூசினால் பழைய ஓலை நிறம் வரும். அதன்மேல் சில்வர் ஓக் இலை இன்னும் எடுப்பாக இருக்கும்.

மரத்திலிருந்து பறிக்காதீர்கள். தோட்டம் யாருடையதோ அவர்களைக் கேட்டுக்கொண்டு தரையில் கிடப்பதைப் பொறுக்குங்கள். காப்புக்காட்டுக்குள் எதையும் எடுக்கக் கூடாது.

ஒயர் கூடையும் இதில் சேருமா?

ஒயர் வாங்க வேண்டியிருப்பதால் வீட்டுப் பொருள் கணக்கில் வராது. ஆனால் நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு இரண்டையும் ஒருமுறை கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. பெட்டி கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டையைச் சேர்த்து வைத்துப் பாய் பின்னுவது போலக் குறுக்கும் நெடுக்கும் பின்னிப் பழகுங்கள். கை பழகியபின் ஒயர் வாங்கலாம்.

பள்ளியில் தெர்மாக்கோலில்தான் செய்து வரச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

என் மகள் படித்த பள்ளியிலும் இதே கதைதான். மேட்டூர் அணை மாதிரி செய்ய தெர்மாக்கோல், பெயின்ட், மினுக்கு என்று வாங்கினோம். ஒரு நாள் மேசையில் இருந்தது, மறுநாள் குப்பைத்தொட்டியில் உடைந்து கிடந்தது, அவள் அழுதாள். அடுத்த வருஷம் நானே போய்ப் பேசினேன். அட்டையும் காகிதக் கூழும் வைத்துச் செய்தால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டதும் ஆசிரியை உடனே சரி என்றார். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எத்தனை வயசுப் பிள்ளைக்கு எந்த வேலை கொடுக்கலாம்?

மூன்று வயசுக்குள் என்றால் பேப்பர் கிழிக்கக் கொடுங்கள், கூழ் பிசையக் கொடுங்கள். மணி, பாசி, பட்டன் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும். ஐந்து வயசில் முனை மழுங்கிய கத்தரிக்கோல். எட்டு வயசில் ஊசி பிடிக்கலாம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பசை காய்ச்சுவதும் சாயம் காய்ச்சுவதும் எப்போதும் பெரியவர் வேலை. மாவுப் பசை கொதிக்கும்போது தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், வெந்நீரைவிட மோசம். பழைய பேட்டரி, டியூப்லைட் துண்டு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் கைவேலைப் பெட்டிக்குள் வரக் கூடாது.

காகிதக் கிண்ணத்தில் தின்பண்டம் வைக்கலாமா?

கூடாது. அச்சு மை உணவில் ஏறும். பேப்பரில் உணவு பொட்டலம் கட்ட வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. உரிக்காத பூண்டு, வெங்காயம் சரி. முறுக்கு, தட்டுவடை வைக்க வேண்டுமானால் உள்ளே வாழையிலை போடுங்கள்.

செய்ததை விற்கலாமா?

விற்கலாம். ஆனால் "சரக்குக்குச் செலவே இல்லையே" என்று 20 ரூபாய்க்குக் கொடுக்காதீர்கள். மிதியடி ஒன்றுக்கு எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்குக் கூலி போட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். வாங்குபவர் பேரம் பேசினால் சேலையைக் கிழித்ததிலிருந்து தைத்து முடித்தது வரை பொறுமையாகச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதற்குப்பிறகு கேட்ட விலைக்கே வாங்கிக்கொள்கிறார்கள். முதல் ஐந்தாறு மட்டும் சொந்த வீட்டில் போட்டுத் துவைத்துப் பாருங்கள். பிரிந்து போகாது என்று உங்களுக்கே தெரிந்தபின் விற்பனைக்கு வையுங்கள்.

பசை காய்ச்சிய பாத்திரம் தேய்த்தாலும் போகவில்லை, என்ன செய்வது?

வெந்நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், இன்னும் கொழகொழப்பாகும். பச்சைத் தண்ணீர் நிரப்பி இரண்டு மணி நேரம் விடுங்கள், ஏடு ஏடாக உரிந்து வரும். அதைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். உரித்ததைக் குப்பைக்குழியில் போட்டு, படிகாரம் சேர்க்காத பசையாக இருந்தால் மீதித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.